தமுக்கத்தில் பாய் விரித்த ஊர்

வெள்ளி, மாலை

பங்குனியில் மதுரைக்கு வந்தால் செல்லூர் அத்தை கேட்கும் முதல் கேள்வி, "ஏப்பா, ஒரு மாசம் கழிச்சுச் சித்திரைக்கு வந்திருக்கக் கூடாதா?" என்பதுதான். சித்திரைக்கு வந்தால் மீனாட்சி கல்யாணம் பார்க்கலாம், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கலாம். தமுக்கம் மைதானத்தை மட்டும் பார்க்க முடியாது. பொருட்காட்சிக் கடைகளும் ராட்டினங்களும் சேர்ந்து அதை மூடிவிடும். எனக்கு இந்தத் தடவை வெறும் மைதானம்தான் வேண்டும். மதுரைக்காரர்கள் வானத்துக்குக் கீழே உட்கார்ந்து கூத்தும் நாடகமும் பார்த்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதலாம் என்று கிளம்பி வந்திருக்கிறேன். எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

வெயில் தாழ்ந்ததும் மாமாவும் நானும் நடந்தே போனோம். கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டி, அமெரிக்கன் கல்லூரியின் சிவப்புக் கட்டடங்களைத் தாண்டித் தல்லாகுளம். தமிழன்னை சிலை நிற்கும் முக்கில் வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது எழுந்த சிலை அது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த நேரம். மாமாவுக்கு அப்போது இளவயது. மாநாட்டைப் பற்றி என்ன கேட்டாலும் ஊர்வலத்தைத்தான் சொல்வார். உள்ளே அறிஞர்கள் என்ன பேசினார்கள் என்பது பற்றி அவருக்குத் துளியும் அக்கறை இல்லை.

சிலைக்குப் பின்னால்தான் தமுக்கம். இப்போது முதலில் கண்ணில் படுவது மைதானம் இல்லை, மாநாட்டு மையம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கட்டி 2022 செப்டம்பரில் திறந்தார்கள். பெரிய கட்டடம், முழுக்கக் குளிர்சாதனம், கீழே வாகனம் நிறுத்த இடம். குறை சொல்ல முடியாத கட்டடம்தான். ஆனால் அது எழும்புவதற்கு முன்னால் இந்த மைதானத்தில் திறந்தவெளி மேடை ஒன்று இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் கலையரங்கம் என்று பெயர். பொருட்காட்சி நடக்கும் நாட்களில் சாயந்திரமானால் அங்கே நாடகமோ கரகாட்டமோ பாட்டுக் கச்சேரியோ ஏதாவது ஒன்று உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்துவிட்டால் மேடைக்குத் தனிக் காசு கிடையாது. புது வேலைக்காக அதை இடித்தார்கள்.

"பாயைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வருவோம் மாப்ள. உங்க அத்தை தூக்குவாளியில புளிசாதம் கட்டிக்கிட்டு வருவா. பிள்ளைகளுக்கு ஒரு டெல்லி அப்பளம். அம்புட்டுத்தேன் செலவு."

மேடை இருந்த திசையைக் கேட்டேன். அங்கிட்டு ஒரு தடவை, இங்கிட்டு ஒரு தடவை கையைக் காட்டினார். கட்டடம் வந்தபிறகு அவருக்கே திசை பிடிபடவில்லை.

மதுரையில் கூட்டம் கூட வேண்டுமென்றால் கால்கள் தாமாகத் தமுக்கத்துக்குத்தான் வரும். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தது இங்கேதான். சித்திரையில் அழகர்மலையிலிருந்து புறப்பட்டுவரும் கள்ளழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையும் இந்தத் தல்லாகுளத்தைச் சுற்றித்தான். அன்றைக்கு இந்தச் சாலையில் கால்வைக்க இடம் இருக்காது. திரியெடுத்து ஆடுகிறவர்கள், கருப்பணசாமி வேடம் போட்டவர்கள், தோல்பையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சுகிறவர்கள் என்று வந்தவர்களில் பாதிப் பேர் வேடத்தில் இருப்பார்கள். அங்கே மேடை எது, வேடிக்கை பார்க்கிற இடம் எது என்று கோடு கிழிக்க முடியாது. ஆற்றில் இறங்கிய அழகர் பின்னால் ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் காட்சி கொடுப்பார். அதையும் திறந்தவெளி அரங்கு என்றுதான் சொல்வேன். சீட்டு கிழிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, இந்த மைதானத்துக்கே சொந்தக்காரியான ராணியின் மாளிகை பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக் காலை அங்கே.

சனி, காலை

தமுக்கம் அரண்மனைக்கு இன்றைய பெயர் காந்தி நினைவு அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் மரங்கள். வெளியே டாக்டர் தங்கராஜ் சாலையில் கொளுத்திய வெயில் இங்கே பாதியாகக் குறைந்துவிட்டது.

மாளிகை 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தது. ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனை என்பது ஊர் வழக்கு. சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1689இலிருந்து 1706 வரை பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர். மங்கம்மாள் சாலை, மங்கம்மாள் சத்திரம் என்று தென்மாவட்டம் முழுக்க அவர் பெயர் இன்னும் புழக்கத்தில் உண்டு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சத்திரத்துக்கும் அவர் பெயர்தான். இந்த மாளிகையின் மேல்தளத்தில் உட்கார்ந்துதான் அரச குடும்பம் கீழே மைதானத்தில் நடந்த யானைச் சண்டைகளையும் விளையாட்டுகளையும் பார்த்ததாம். அப்படிப் பார்த்தால் தமுக்கம் முதலிலேயே ஒரு திறந்தவெளி அரங்குதான். ஆனால் பார்ப்பவர் இருக்கை மேலே, ஒரே ஒரு குடும்பத்துக்கு.

நாயக்கர் ஆட்சி முடிந்தபின் மாளிகை கைமாறிக் கைமாறிக் கும்பினி அதிகாரிகளிடம் போனது, பிறகு கலெக்டர் பங்களாவாக இருந்தது. இப்போது பார்க்கும் வெள்ளை வளைவுகளிலும் மாடத்திலும் எல்லோருடைய கைவேலையும் கலந்து கிடக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் 1955இல் தமிழக அரசு மாளிகையையும் அதைச் சுற்றியுள்ள 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் பேசுவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் துணியைப் பற்றித்தான். 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்தது, ரத்தக்கறை படிந்தது. அதற்கு முன்னால் நின்றபோது எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வரிசை. ஆசிரியை என்ன சொல்லியும் அடங்காத பிள்ளைகள், அந்த அறையில் மட்டும் தாமாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் பழையபடி கூச்சல்.

என் வேலை தோட்டத்தில். இந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு திறந்தவெளி அரங்கு உண்டு. காந்தி பிறந்தநாள், நினைவுநாள், பள்ளி விழாக்கள், சமூக அமைப்புகளின் கூட்டங்கள் எல்லாம் நடக்கும் இடம். ஆடம்பரம் எதுவும் இல்லை. மேடை, எதிரே தரை, சுற்றி மரம். வேப்பமரத்துச் சருகு மேடை முழுக்கக் கிடந்தது. மேடையில் ஏறி நின்று, "கேக்குதா?" என்று கடைசி வரிசை இருக்க வேண்டிய இடத்தில் நின்ற மாமாவைக் கேட்டேன். கேட்டது. சாலை இரைச்சலை மரங்கள் வாங்கிக்கொள்கின்றன. மதுரையில் இன்று மைக் இல்லாமல் பேசக்கூடிய மேடை இது ஒன்றுதான் இருக்கும் என்று தோன்றியது.

ராணிக்கு மட்டும் மேலே இருக்கை இருந்த இடத்தில், யார் வேண்டுமானாலும் தரையில் உட்காரலாம் என்று ஆனது இந்த நிலம் பொதுக் கைக்கு வந்தபின்தான். அரண்மனைகளைப் பார்க்கிற நமக்கு இந்தக் கைமாற்றம் பெரிதாகத் தெரிவதில்லை. யார் கட்டியது, எத்தனை தூண் என்று எண்ணிவிட்டு வந்துவிடுகிறோம். 13 ஏக்கரை அன்றைக்கே மனைபோட்டு விற்காமல் ஒரு நினைவகத்துக்குக் கொடுத்தார்களே, அதுதான் இங்கே நான் பார்க்க வந்த விஷயம்.

இதை ஒட்டியே மாநகராட்சியின் ராஜாஜி சிறுவர் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு, வாசலில் மாங்காய் வண்டி, விடுமுறை நாட்களில் கூட்டம். மதுரையில் வளர்ந்த எவரிடம் கேட்டாலும் இங்கே எடுத்த ஒரு புகைப்படம் வீட்டில் இருக்கும். எனக்குப் பத்து நிமிஷம் போதுமாயிருந்தது. மாமாவுக்கு அதுவும் அதிகம்; நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்துத் தூங்கிவிட்டார்.

சனி, இரவு

திருமலை நாயக்கர் மகால். ஒலி ஒளிக் காட்சி. முதலில் ஆங்கிலத்தில் ஒரு காட்சி முடிந்து, அதற்குப் பின் தமிழ். தமிழ்க் காட்சிக்குத்தான் போனோம்.

மகாலைக் கட்டியது 1636. இன்று நாம் பார்ப்பது அதில் ஒரு பகுதிதான். முழு அரண்மனை இதைப் போல நான்கு மடங்கு இருந்தது என்கிறார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போனதில் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். அப்புறம் நீண்டகாலம் நீதிமன்றங்கள் இதற்குள் நடந்தன. நாயக்கர் கொலுவிருந்த கூடத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள் மதுரைக்காரர்கள்.

என்னைக் கவர்ந்தது நாடகசாலை. அரசர் கொலுவிருந்த சொர்க்கவிலாசத்தை ஒட்டிய நீள மண்டபம். அரசர் சாயந்திர வேளைகளில் ஆடலும் பாடலும் பார்த்தது இதில்தான். இப்போது கல்வெட்டுகளும் சிலைகளும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கூரை உயரத்தையும் தூண்களையும் பார்த்தால், இங்கே ஒருவர் பாடினால் என்ன கதியில் சுற்றிவந்து காதில் விழும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பாடிப் பார்க்கவில்லை. காவலர் பக்கத்திலேயே நின்றார்.

காட்சி நடப்பது நடு முற்றத்தில், வானம் தெரிய. இருட்டில் நாற்காலிகள். ஒளி ஒவ்வொரு தூணாக ஏற, ஒலிபெருக்கியிலிருந்து கண்ணகியும் கோவலனும் பாண்டியனும் பேசுகிறார்கள். சிலப்பதிகாரக் கதை, அதோடு நாயக்கர் கதை. 1981இல் தொடங்கியதாம் இது. குரல்களில் அந்தக் கால வானொலி நாடகத்தின் வாசனை அப்படியே இருக்கிறது. "தேரா மன்னா" இடத்தில் தூண்கள் சிவப்பாக மாறின. என் முன்னால் இருந்த ஒரு சிறுமி, "யாருமே வரலையேப்பா?" என்று அப்பாவிடம் கேட்டாள். குரல் வருகிறது, விளக்கு வருகிறது, நடிகர் மட்டும் இல்லை. அவள் கேள்வி நியாயமானது.

ஆனாலும் சொல்ல வேண்டும்: மதுரையில் இந்த முற்றத்தைவிட அழகான அரங்கு கிடையாது. உயிருள்ள மனிதர்கள் சிலர் வந்து இந்தத் தூண்களுக்கிடையில் மாதம் ஒருநாளாவது நடித்தால் என்ன குறைந்துபோகும்? மாமாவிடம் கேட்டேன். "வவ்வால் எச்சம் விழும்" என்றார்.

ஞாயிறு, பகல்

காலையில் திலகர் திடல். பெரிய பெரிய தலைவர்கள் பேசிய பொதுக்கூட்ட மைதானம்; இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய ஸ்பேனர், துருப்பிடித்த டார்ச், மோட்டார் சாமான், ஒற்றைக் காலணிகூடக் கிடைக்கும். ஒரு ஆர்மோனியத்தின் உடைந்த துருத்தி கிடந்தது. விலை கேட்டதோடு சரி.

காமராசர் சாலையில் அலங்கார் தியேட்டர் பக்கம் காந்திப் பொட்டல். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் காந்தி மேல்சட்டையும் வேட்டியும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார் அல்லவா, அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலில் மக்கள் முன்னால் நின்ற இடம் இந்தப் பொட்டல். இப்போது பேருக்கு ஒரு சிலையும் சுற்றிலும் வாகனங்களும். பொட்டல் என்று சொல்ல ஒரு சாண் இடம் இல்லை.

அங்கிருந்து சுண்ணாம்புக்காரத் தெரு. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் நடிகர் சங்கம் இந்தத் தெருவில்தான். சங்கத்தைச் சுற்றிப் புக்கிங் ஏஜெண்டுகள், சுவரெல்லாம் கலைஞர்களின் படம் போட்ட நாள்காட்டிகள், நோட்டீசுகள். பங்குனி, சித்திரை, வைகாசி என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. கிராமக் கோயில்களில் பொங்கல் வைக்கிற இடமெல்லாம் நாடகம் விடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் ரெண்டு பேர் வந்து நோட்டைப் புரட்டி, "ராஜபார்ட்டுக்கு இவரு, ஸ்த்ரீபார்ட்டுக்கு இந்தம்மா, பபூன் நீங்களே நல்ல ஆளாப் போடுங்க" என்று பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன்.

'ஸ்பெஷல்' என்பதன் சூட்சுமம் இதுதான். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி வேடக்காரர் திண்டுக்கல்லிலிருந்து, ஆர்மோனியம் காரைக்குடியிலிருந்து. ஒருவரையொருவர் முன்னே பின்னே பார்த்திராவிட்டாலும் இரவு மேடை ஏறினால் விடியும்வரை கதை நூல் அறாமல் ஓடும். எல்லோருக்கும் பாடம் ஒன்று. அதை எழுதிவைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

தமுக்கம் மேடைக்குப் பெயர் கொடுத்த சுவாமிகள் இவர்தான். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். முதலில் நடிகர், எமனும் சனீசுவரனும் அவருக்குப் பேர்போன வேடங்கள். ஒரு விடியற்காலை வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது சனீசுவரன் கோலத்தைக் கண்ட பெண் பயத்தில் அங்கேயே உயிரைவிட்டாள் என்றும், எமனாக மேடையில் பாய்ந்ததைக் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும், அதோடு அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். விட்டபின் எழுத்தும் பயிற்சியுமே வாழ்க்கை. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று சுமார் 40 நாடகங்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதினார் என்பார்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரியவர்களை அடக்கி ஆள முடியாது, பிள்ளைகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது அவர் கண்ட வழி. பின்னாளில் நாடக உலகில் பேர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தது அந்தச் சபையில்தான். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போய், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

சங்க வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆர்மோனியக்காரரிடம் தமுக்கம் மேடை பற்றிக் கேட்டேன். "இருந்துச்சு சார். அங்க போட்டா நகரத்து ஆளுக பாப்பாக. ஒன்பது மணிக்கு முடி, பத்து மணிக்கு முடின்னுவாக. நம்ம கதை ஆரம்பிக்கிறதே பன்னெண்டுக்குத்தான சார்" என்று சிரித்தார். "அதுலயும் ஒரு பெருமை இருந்துச்சு. சாமி பேரு போட்ட மேடை."

அவரிடமே கேட்டேன், இன்றைக்கு ராத்திரி எங்கே வாசிக்கிறீர்கள் என்று. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம் சொன்னார். வள்ளி திருமணம்.

ஞாயிறு, இரவு

ஊர்ப் பெயரை எழுதவில்லை. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கோயிலுக்கு எதிரே அறுவடை முடிந்த வயல். அதில் கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு மேடை. பின்னால் படுதா. சீன் செட்டிங்காரர் ஒரு கட்டுப் படுதா கொண்டுவந்திருக்கிறார்: தர்பார், காடு, தெரு, அப்புறம் ஒரு பூங்கா. பூங்காப் படுதாவில் நீரூற்று, சிமெண்ட் பெஞ்சு, ரெண்டு அன்னப்பறவை. வள்ளியின் தினைப்புனத்துக்குக் காடுதானே வர வேண்டும்? பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் வருகிற காட்சிக்கு அந்தப் பூங்காவைத் தொங்கவிட்டார்கள். காதல் பேச வேண்டுமென்றால் பூங்காதான். கிராமத்து மேடையிலும் அதே நியாயம்.

சனங்கள் சாக்கும் பாயும் கொண்டுவந்து இடம் பிடித்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். முன்னால் பிள்ளைகள், பாதிப் பேர் ஏற்கெனவே தூக்கம். மேடை ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஆல்ரவுண்ட்காரர்தான் நான் அதிகம் பார்த்த ஆள். டோலக்கு, தாளம், மணி, விசில், அடி விழும்போது ஒரு சத்தம், சாமி வரும்போது ஒரு சத்தம் என்று எல்லாம் அவர் ஒருவரே. நடிகர் கையை ஓங்கினால் சத்தம் அவரிடமிருந்து பிறக்கிறது.

பத்து மணிக்குப் பபூன் வந்தார். கொச்சையாகத்தான் பேசுகிறார், பெண்கள் பக்கம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பு. மாமா வாய்விட்டே சிரித்தார். நடுநடுவே யாராவது எழுந்துபோய் நூறோ இருநூறோ கொடுக்க, மைக்கில் அவர் பெயரைச் சொல்லி அன்பளிப்புக்கு நன்றி. கதை ஒருபக்கம் நிற்கட்டும் என்று ஊர்ப் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம் வரிசையாக வரும். நாடகம் கெடுகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அது தெரிந்துவிட்டது. "எங்க சாமிக்கு நேந்துக்கிட்ட நாடகம் தம்பி. எங்க பேரும் அதுல வரணும்ல?"

பன்னிரண்டுக்கு மேல் கதை. நாரதர் வந்தார், வள்ளி வந்தாள். அதுவரை மேடையில் இருந்த தோரணையே மாறிவிட்டது. நாரதர் ஒரு பாட்டை உச்சத்தில் எடுத்தார். மைக் அவருக்குத் தேவையே இல்லை. இந்தப் பாட்டு முறை வளர்ந்தது ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும், வயல்வெளியில் காற்று வேறு அடிக்கும். குரலை ஏற்றித்தான் ஆக வேண்டும். கூரைக்குக் கீழே கேட்டால் கத்துவது போல இருக்கும் அதே பாட்டு, இங்கே சரியாக வந்து விழுகிறது. நேற்று மகாலில் ஒலிநாடாக் குரல் அத்தனை துல்லியமாகக் கேட்டும் ஒட்டாமல் போனது ஏன் என்று இப்போது விளங்கியது.

வேடனாக முருகன் வந்தபின் தர்க்கம். இங்கேதான் ரெண்டு பேருக்கும் சரக்கு இருக்கிறதா என்று தெரியும். சுவாமிகள் எழுதிய பாட்டு அடித்தளம். அதற்கு மேல் திருப்புகழ், குறள், சொந்தச் சரக்கு, எதிராளி எதிர்பார்க்காத கேள்வி. வள்ளி ஒரு கேள்வியில் முருகனை மடக்கிவிட்டாள். அவர் பதில் தேடி ஆர்மோனியக்காரரைப் பார்க்க, இவர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் விசிலடித்தது. ரெண்டு பேரும் அன்று மாலை வேனில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

மூன்று மணிவாக்கில் நானும் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அதில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான். யானை வரும்போது எழுப்பிவிடுகிறார்கள்.

திங்கள், காலை

கல்யாணம் முடிந்து மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருந்தது. வேடம் கலைக்காமலேயே சிலர் வேனில் ஏறினார்கள். அடுத்த ஊர் சிவகங்கைப் பக்கமாம்.

மதியத்துக்கு மேல் திருமங்கலம். நாடக நடிகர் விசுவநாத தாஸ் வாழ்ந்த வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. 1886இல் சிவகாசியில் பிறந்தவர், நாவிதர் சமூகம். சாதி காரணமாக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. வள்ளி திருமணத்தில் வள்ளி பறவை விரட்டும் இடத்தில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாட்டு வைத்தார்கள். அந்தப் பாட்டைப் பாடிப்பாடியே சிறை போனார். நாடகங்களை அடக்க 1876இலேயே சட்டம் போட்டு வைத்திருந்த அரசு அது. போலீஸ் மேடைக்குக் கீழே காத்திருக்கும். முருகன் வேடத்திலேயே கைது செய்வார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. நேற்று ராத்திரி வயலில் பார்த்த அதே வேடம்.

நினைவு இல்லத்தில் நானும் மாமாவும் மட்டும்தான். படங்களைப் பார்த்து முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது தமுக்கம் பேச்சு திரும்ப வந்தது. மாநாட்டு மையம் இருக்கட்டும், பக்கத்திலேயே சுவாமிகள் பெயரில் சின்னதாக ஒரு திறந்த மேடை கட்டிக்கொடுத்தால் போதும், கூரையும் நாற்காலியும் வேண்டாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"மழை பெஞ்சா?"

"சித்திரையில எங்க மாமா மழை?"

"பெய்யும்டா. ஒருதடவை பவளக்கொடி நடக்கும்போது கோடைமழை பிடிச்சுக்கிருச்சு. அத்தனை சனமும் ராட்டினத்துக்குக் கீழ ஓடிருச்சு."

"நாடகத்தை நிப்பாட்டிட்டாங்களா?"

"நிப்பாட்டுறதாவது. நனைஞ்சுக்கிட்டே முடிச்சாக."

"நீங்க?"

"நான் எங்கிட்டு ஓட? பாய் நம்ம பாயில்ல, இரவல் பாய். அதைச் சுருட்டித் தலையில பிடிச்சுக்கிட்டு நின்னே பாத்தேன்" என்றார். அத்தைக்குத் தெரியாதாம், சொல்லிவிடாதே என்றார். ஐந்து மணிக்குப் பெரியார் பஸ் நிலையத்துக்கு வண்டி இருந்தது, ஏறிவிட்டோம்.